சால்மனுக்கு ஒரு தூண்டில்: வீட்டு மேசையில் உருவாகும் கைவேலை

மும்பையின் மீன் சந்தைக்குச் செல்லும்போது "இந்தியன் சால்மன்" என்று சொல்லி ராவஸ் மீனை உங்களுக்கு விற்றிருப்பார்கள். அது நம் கடற்கரையில் காலா என்று அழைக்கப்படும் மீனின் இனம். மெய்யான சால்மன் அல்ல. மெய்யான பசிபிக் சால்மன், அலாஸ்கா முதல் கலிபோர்னியா வரையுள்ள குளிர்ந்த ஆறுகளில் பிறக்கிறது. கடலுக்குச் சென்று வளருகிறது. பின்பு தான் பிறந்த ஆற்றையே தேடி வந்து, முட்டையிட்டு, மடிந்துபோகிறது.

இந்த மீனுக்கான தூண்டிலை அப்பகுதியில் அநேகர் இன்றும் தங்கள் கையாலேயே செய்கிறார்கள். காரணம் சிக்கனம் மாத்திரமல்ல. ஆற்றின் அடியில் பாறைகளும் மரக்கட்டைகளும் கிடப்பதால், ஒரே நாளில் பல தூண்டில்கள் சிக்கி அறுந்துபோகும். விலை கொடுத்து வாங்கியதை இழக்கக் கை தயங்கும். தயங்குகிறவன் ஆழத்தில் வீசமாட்டான். சால்மனோ பெரும்பாலும் ஆழத்தை ஒட்டியே நீந்துகிறது.

முன்னோர் கற்றுத்தந்த வழி

இக்கைவேலை புதியதல்ல. அக்கரையோரப் பூர்வகுடிகளான சேலிஷ் மக்கள், நம் காஞ்சொறியைப் போலத் தொட்டால் அரிக்கும் நெட்டில் செடியின் நாரைத் திரித்து வலை பின்னினார்கள். வலையை நீரில் ஆழ்த்துவதற்குக் கல்லையே எடையாகக் கட்டினார்கள். பருவத்தின் முதல் சால்மனை மரியாதையோடு வரவேற்று, ஊராகப் பகிர்ந்து உண்டு, அதன் எலும்புகளை மறுபடியும் நீரிலேயே விடும் வழக்கம் அவர்களிடையே இன்றும் உண்டு.

உலோகத் தூண்டிலுக்கும் ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் ஜூலியோ புவெல் என்பவர் 1852-ஆம் ஆண்டு கரண்டி வடிவத் தூண்டிலுக்குக் காப்புரிமை பெற்றார். படகில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவருடைய கரண்டி ஏரியில் தவறி விழுந்ததாகவும், மின்னிக்கொண்டே அமிழ்ந்த அதை ஒரு மீன் கவ்வியதாகவும் ஒரு கதை வழங்கிவருகிறது. கதை எப்படியாயினும், பழைய கரண்டியின் காம்பை அறுத்து, இரு முனையிலும் துளையிட்டு, வளையமும் கொக்கியும் மாட்டினால் இன்றும் அது நல்ல தூண்டிலே.

செய்யும் முறை

ஸ்பின்னர் எனப்படும் சுழலும் தூண்டிலைச் செய்வது எப்படி என்று பார்ப்போமா? ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த தடிமனுள்ள துருப்பிடிக்காத எஃகுக் கம்பியில் ஒரு சாண் நீளம் வேண்டும். அதனுடன் ஒரு வட்டமூக்குக் குறடு, முட்டை வடிவப் பித்தளைத் தகடு, சில பாசிமணிகள், ஒற்றைக் கொக்கி, தகட்டைத் தாங்கும் லாட வடிவச் சிறு பிடி ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, கம்பியின் ஒரு முனையை வளைத்து, கொக்கியை அதில் மாட்டி, மூன்று சுற்றுச் சுற்றி இறுக்குங்கள். இரண்டாவது, பாசிமணிகளை ஒவ்வொன்றாகக் கோருங்கள். மூன்றாவது, தகட்டைப் பிடியில் மாட்டி, அதன் குழிந்த பக்கம் கம்பியை நோக்கும்படி கோருங்கள். கடைசியாக, மேல்முனையில் நரம்பு கட்டுவதற்கு ஒரு கண்ணி வளையுங்கள். பிடிக்கும் கண்ணிக்கும் நடுவே சிறிது இடைவெளி இருப்பது அவசியம். இல்லையேல் தகடு சுழலாது. ஒரு தொட்டி நீரில் இழுத்துப் பாருங்கள். மெதுவாக இழுக்கும்போதே சுழன்றால் வேலை நன்றாய் முடிந்தது.

ஆற்றுக்குள் ஏறி வரும் சால்மன் இரை தின்பதை நிறுத்திவிடுகிறது. பின் ஏன் தூண்டிலைக் கவ்வுகிறது? தன் எதிரே மின்னி அதிர்ந்து செல்லும் பொருளைச் சினத்தினாலோ பழைய பழக்கத்தினாலோ தாக்குகிறது என்பர். ஆகவே இங்கே சுவையல்ல, சுழற்சியே முக்கியம். முறுக்கும் முடிச்சும் உறுதியாக இருக்கட்டும். 1985-ஆம் ஆண்டு அலாஸ்காவின் கீனாய் ஆற்றில் தூண்டிலில் அகப்பட்ட ஒரு சினூக் சால்மன் சுமார் 44 கிலோ எடையிருந்தது!

வீட்டிற்குள் வரக்கூடாத ஒன்று

இனி நாம் சொல்லப்போவதைக் கவனமாய் வாசியுங்கள். தூண்டிலை ஆழ்த்துவதற்கு ஈயக்குண்டு தேவை என்று எண்ணி, அநேகர் வீட்டிலேயே ஈயத்தை உருக்கி வார்க்கிறார்கள். ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகுவதால் சாதாரண அடுப்பே போதும். ஆபத்தும் அந்த எளிமையில்தான் இருக்கிறது. அதன் புகையும் தூசியும் மேசையிலும் உடையிலும் தரையிலும் படிந்து, தவழும் குழந்தையின் விரல் வழியாய் வாய்க்குள் சென்றுவிடும். குழந்தையின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும். இவ்வளவு ஈயம் தீங்கற்றது என்று சொல்லத்தக்க அளவு ஏதும் அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

நீரிலும் அதன் தீங்கு தொடர்கிறது. அறுந்து விழுந்த ஈயக்குண்டை விழுங்கும் லூன் என்னும் நீர்ப்பறவை நஞ்சேறி இறக்கிறது. ஆகையால் அப்பறவை வாழும் சில ஏரிகளில் சிறிய ஈய எடைகளை வாஷிங்டன் மாநிலம் தடைசெய்துள்ளது. மாற்று உண்டா? உண்டு. பழைய இரும்புத் திருகுமரை, பித்தளைத் துண்டு, துளையுள்ள கூழாங்கல் ஆகிய எதுவும் உதவும். முன்னோர் கல்லையே கட்டினார்கள் அல்லவா?

விடுவதற்கும் ஒரு கருவி

கொக்கியின் முனையில் பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிடுங்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவில் சால்மன் பிடிப்போருக்கு இது சட்டம். வாஷிங்டன், ஆரிகன் மாநிலங்களில் பொரிப்பகத்தில் வளர்த்த குஞ்சுகளின் முதுகிலுள்ள சிறு கொழுப்புத் துடுப்பை வெட்டி அடையாளமிடுகிறார்கள். அந்தத் துடுப்பு வெட்டப்படாத காட்டு மீன் அகப்பட்டால், பல இடங்களில் அதை உயிரோடு விட்டுவிட வேண்டும். எதிர்முள் இல்லாத கொக்கி காயம் பெரிதாகாமல் எளிதாய்க் கழன்றுவிடும்.

எத்தனை நல்ல தூண்டில் செய்தாலும், ஆறு அடைபட்டால் மீன் வராது. கொலம்பியா ஆற்றில் பூர்வகுடிகள் மரச்சாரங்களில் நின்று நீண்ட கோல்வலையால் சால்மன் அள்ளிய சீலைலோ அருவி, 1957-இல் அணைநீரில் மூழ்கியது. இதற்கு மாறாக, கிளாமத் ஆற்றின் 4 அணைகள் 2024-இல் அகற்றி முடிக்கப்பட்டன. சில வாரங்களுக்குள்ளாகவே, நூறாண்டுக்கு மேல் எட்ட முடியாதிருந்த மேற்பகுதிக்குச் சினூக் சால்மன் ஏறி வந்தது!

வாசகரே, சால்மன் ஆறு உங்களுக்குத் தூரமாயிருக்கலாம். ஆனால் விடுமுறை நாளில் பிள்ளைகளோடு எந்தக் குளத்தின் கரையில் அமர்ந்தாலும், ஈயத்தை விலக்குங்கள், எதிர்முள்ளை நசுக்குங்கள், அறுந்த நரம்பைப் பொறுக்கி வீட்டிற்குக் கொண்டுவாருங்கள். பிடிக்கக் கற்றுக்கொடுக்கும் கையே, விடவும் கற்றுக்கொடுக்கட்டும்.