பாட்டு நின்னாலும் சூடு நிக்காது

இந்த வாரம் கோடிங் இல்லை, சால்டரிங்.

சான்டா கிளாரா அபார்ட்மென்ட்ல ஒரு கிளாஸ் ஏ ஆம்ப்ளிஃபையர் கட்டினேன். கலிஃபோர்னியாக்காரர் நெல்சன் பாஸ், வீட்டில் செய்து பார்ப்பவர்களுக்காக வெளியிட்ட சர்க்யூட்டுகள்தான் தூண்டுதல். கிளாஸ் ஏ-யில் டிரான்சிஸ்டருக்கு ஓய்வே கிடையாது. பாட்டு இல்லாதபோதும் கரண்ட் ஓடும். யாரும் குளிக்காமலே ஷவர் திறந்திருக்கிற மாதிரி.

என் பழைய ஸ்பீக்கர் 2 ஓம். 50 வாட் வேணும்னா உச்சத்தில் 7 ஆம்பியர். புஷ்-புல் அமைப்பில் அதில் பாதி, 3.5 ஆம்பியர், எப்பவும் ஓடணும். நானோ 8 ஓம் கணக்குப்படி ±32 வோல்ட் சப்ளை போட்டிருந்தேன். மொத்தம் 64 வோல்ட், 3.5-ஆல் பெருக்கினால் ஒரு சேனலுக்கே 224 வாட் சூடு! என் ஹீட்சிங்க் ஒரு வாட்டுக்குக் கால் டிகிரி ஏறும். 25 டிகிரி செல்சியஸ் அறையில் அது 81.

வீட்டில் இப்பத்தான் நடக்கப் பழகுற பாப்பா. மனைவி கேட்டது ஒண்ணுதான்: "அவ தொட்டா?"

மறுபடி கணக்குப் போட்டேன். 2 ஓமில் 7 ஆம்பியருக்கு 14 வோல்ட்தானே? ±18 போதும். டிரான்ஸ்ஃபார்மரை மாத்தினேன். அதே 50 வாட். சூடு 126 வாட், ஹீட்சிங்க் 57 டிகிரி. குறைந்த ஓமுக்கு வேண்டியது கரண்ட், வோல்டேஜ் இல்லை.

57-உம் பிஞ்சு விரலுக்கு ஆகாது. அதனால் சுற்றிலும் கம்பிவலை, உயரமான அலமாரி. பாப்பா தூங்கின பிறகு அரை வாட்டில் கேட்கிறேன். சூடு மட்டும் குறையவே இல்லை!