சுண்டு, தொய்வு விடு

சுருட்டு வடிவத்தில் ஒரு பிளாஸ்டிக் துண்டு. நான்கரை அங்குல நீளம், ஏறத்தாழ 21 கிராம் எடை. வயிற்றில் ஒன்று, வாலில் ஒன்று என இரண்டு மும்முனைக் கொக்கிகள். மூக்கின் அடியில் தூண்டில் நரம்பைக் கட்ட ஒரு சின்ன வளையம். சுழலும் விசிறியோ முன்னால் நீட்டிய நாக்கோ கிடையாது. தண்ணீரில் போட்டுச் சும்மா சுற்றி இழுத்தால் விறகுச் சிராய் மிதந்து வருவதுபோல நேராக வந்து சேரும். அதே துண்டைக் கைபழகியவர் இழுத்தால் இடப்பக்கம் ஒரு வழுக்கல், வலப்பக்கம் ஒரு வழுக்கல் என்று மாறி மாறித் தலையை ஆட்டிக்கொண்டு, அடிபட்ட மீன்குஞ்சு மேல்மட்டத்தில் தத்தளிப்பதுபோல வரும். அடியில் பதுங்கிக் கிடக்கும் பாஸ் மீனுக்கு அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

இந்தப் பொய் இரையின், அதாவது லூரின், பெயர் சாரா ஸ்பூக். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் டோவாஜாக் என்ற சிற்றூரில் தேனீ வளர்த்துவந்த ஜேம்ஸ் ஹெடன் தொடங்கிய நிறுவனத்தின் சரக்கு. நண்பருக்காக ஆலைக்குளத்தின் கரையில் காத்திருந்த ஹெடன், பொழுதுபோக்காகச் செதுக்கிக்கொண்டிருந்த மரத்துண்டைத் தண்ணீரில் வீச, அதை ஒரு பாஸ் பாய்ந்து அடித்ததாம். அங்கிருந்துதான் மர லூர் செய்யும் யோசனை பிறந்தது என்று அந்த ஊரில் சொல்வார்கள். முதலில் மரத்தில் வந்த சாரகோசா என்ற லூர், 1939 முதல் பிளாஸ்டிக்கில் சாரா ஸ்பூக் ஆனது. ஸ்பூக் என்றால் பேய். 1970களில் மிசூரி மாநிலத்தைச் சேர்ந்த சார்லி கேம்பல் போட்டிகளில் இதைக்கொண்டு மீன் பிடித்துக் காட்டிய பிறகு, பழைய லூருக்கு மறுவாழ்வு கிடைத்தது. இன்று ஜப்பானிய நிறுவனங்கள் உட்படப் பலரும் இதே தத்துவத்தில் லூர் செய்கிறார்கள். எதை வாங்கினாலும் பழகும் முறை ஒன்றுதான். இடமும் வலமுமாக வழுக்கி வரும் அந்த நடைக்கு அமெரிக்கர்கள் வைத்த பெயர் ‘வாக்கிங் த டாக்’. நாயைக் கயிற்றில் கட்டி நடத்திப் போகும்போது அது இந்த ஓரம் ஒரு முகர்தல், அந்த ஓரம் ஒரு முகர்தல் என்று போகுமே, அந்த நடை.

மீனைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இங்கே பாஸ் என்பது வட அமெரிக்காவின் நன்னீர் மீனான லார்ஜ்மவுத் பாஸ். நம் ஊர்க் கடைகளில் ஸீ பாஸ் என்று விற்கிற கொடுவாய்க்கும் இதற்கும் நெருங்கிய உறவு கிடையாது. பச்சை உடம்பு, விலாவில் கருமையான பட்டை, கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும் வாய்ப்பிளவு. துரத்தி வேட்டையாடுவதைவிடப் பாசி ஓரத்திலும், விழுந்த மரத்தின் நிழலிலும், படகுத்துறைப் பலகைக்கு அடியிலும் ஒளிந்திருந்து பாய்வதே இதற்குப் பிடித்த வழி. மேலே ஓடும் இரை வெளிச்சத்தின் பின்னணியில் நிழலுருவாகத் தெரியும். அந்த நிழலுருவைத்தான் நாம் ஆட்டிக்காட்டப் போகிறோம்.

நான் இதைப் பழகியது டொரொண்டோவிலிருந்து ஒன்றரை மணி நேரக் கார் ஓட்டத்தில் இருக்கும் ரைஸ் ஏரியில். ஆழம் குறைந்த, பாசி அடர்ந்த ஏரி. கோடைக் காலை ஒன்றில் இரண்டு மணி நேரம் எறிந்தேன், இழுத்தேன்; லூர் ஒருமுறைகூட நடக்கவில்லை. வேகமாக இழுத்தால் தலை குப்புற மூழ்கியது, மெதுவாக இழுத்தால் நேராக வந்தது. பக்கத்தில் நின்ற முதியவர் ஒருவர் வெகுநேரம் பார்த்துவிட்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னார். ‘ஸ்லாக்.’ நரம்பில் தொய்வு விடு என்கிறார். அந்தக் கணத்தில்தான் புரிந்தது. நான் இழுத்துக்கொண்டே இருந்தேன், விடவே இல்லை.

பட்டம் விட்டவர்களுக்கு இது உடனே பிடிபடும். பட்டத்தை ஒரு பக்கம் திருப்ப வேண்டுமென்றால் நூலைச் சுண்டுவோம், உடனே விரலை இளக்குவோம். பிடித்த பிடியில் இழுத்துக்கொண்டே இருந்தால் பட்டம் நேரே ஏறும், திரும்பாது. லூரும் அப்படித்தான்.

தண்ணீரில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். லூரின் எடை வால் பக்கம் கூடுதல். அதனால் அது வாலைத் தாழ்த்தி மூக்கைத் தூக்கியபடி மிதக்கும். நரம்பு தொய்ந்திருக்கும்போது சட்டென்று ஒரு சுண்டு சுண்டினால், மூக்கு ஏதோ ஒரு பக்கம், இடப்பக்கம் என்று வைத்துக்கொள்வோம், திரும்பிவிடும். சுண்டிய வேகத்தில் உடம்பு அந்தப் பக்கமாகவே வழுக்கிப் போகும். இந்த வழுக்கல் நடக்கவேண்டுமென்றால் அந்த நேரத்தில் நரம்பு அதைப் பிடித்து நிறுத்தக் கூடாது. வழுக்கி முடிந்ததும் லூர் இடப்பக்கம் பார்த்து நிற்கிறது. நீங்கள் இருப்பதோ அதற்கு வலப்பக்கமாக. இப்போது அடுத்த சுண்டு. நரம்பு மூக்கை வலப்பக்கமாக வெட்டி இழுக்கும், அது நேர்கோட்டைத் தாண்டி மறுபக்கம் போய்விடும். திரும்பவும் வழுக்கல். நாம் இடம் வலம் என்று திசை காட்டுவதே இல்லை. ஒரே மாதிரி சுண்டிக்கொண்டிருந்தால் போதும், திசையை லூரே மாற்றிக்கொள்ளும். நரம்பு விறைப்பாகவே இருந்துவிட்டால் மூக்கு உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும், நேராக வரும். புதிதாகப் பழகுபவர்களின் தொல்லை பத்தில் எட்டு இங்கேதான்.

இனிக் கை. ஆறரை முதல் ஏழடி நீளமுள்ள, நுனி கொஞ்சம் வளையக்கூடிய நடுத்தரத் தூண்டில் கம்பு, அதாவது ராடு, போதும். எறிந்ததும் வட்ட அலைகள் அடங்கும்வரை பொறுங்கள். ராடின் நுனியைத் தண்ணீரை நோக்கித் தாழ்த்துங்கள், உடம்பிலிருந்து சற்றுப் பக்கவாட்டில். முழங்கை விலாவோடு ஒட்டியிருக்கட்டும். மணிக்கட்டால் மட்டும் நுனியைக் கீழ்நோக்கி அரையடி, ஓரடி அளவுக்குச் சுண்டுங்கள். சுண்டிய மறுகணமே நுனியைப் புறப்பட்ட இடத்துக்குக் கொண்டுவந்து விடுங்கள். தண்ணீர்மேல் நரம்பு ஒரு சின்ன வளைவாக விழவேண்டும். அந்த வளைவு கண்ணில் பட்டால் சரியாகச் செய்கிறீர்கள் என்று பொருள்.

மறு கையில் நரம்பைச் சுற்றும் ரீலின் பிடி இருக்கிறது. அதற்கு லூரை இழுக்கும் வேலை இல்லை. ஒவ்வொரு சுண்டுக்கும் லூர் கொஞ்சம் கிட்டே வருகிறதல்லவா, அதனால் சேர்ந்த மிச்சத் தொய்வை மட்டும் சுற்றி எடுக்க வேண்டும். ஒரு சுண்டுக்குக் கால் சுற்று, அரைச் சுற்று. கூடச் சுற்றினால் தொய்வு போச்சு. குறையச் சுற்றினால் தொய்வு மலைபோலச் சேர்ந்து, சுண்டினாலும் லூருக்கு எட்டாது. இரண்டு கைகளும் இரண்டு வேலை செய்யவேண்டும் என்பதால்தான் முதல் நாளில் குழப்பம் வருகிறது. முறத்தில் புடைப்பவரின் மணிக்கட்டைக் கவனித்துப் பாருங்கள். தட்டல், இளக்கல், தட்டல், இளக்கல். அங்கே தோளுக்கு வேலை இல்லை. இங்கும் இல்லை.

தாளம் முக்கியம். ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என்று வாய்விட்டே எண்ணிப் பழகலாம். நொடிக்கு ஒரு சுண்டு என்று மெதுவாகத் தொடங்குங்கள். லூர் நடக்கத் தொடங்கியதும் வேகத்தைக் கூட்டிக்கொள்ளலாம். கோடையில் தெளிந்த தண்ணீரில் விறுவிறு நடை எடுபடும். தண்ணீர் குளிர்ந்திருந்தால் நீண்ட வழுக்கல், இடையிடையே நிறுத்தம். இதற்குச் சட்டம் எதுவும் கிடையாது, அன்றைய மீனே சொல்லும்.

நரம்பு விஷயத்தில் நான் கண்டிப்பாகவே சொல்வேன். ஃப்ளோரோகார்பன் நரம்பு வேண்டாம். அது தண்ணீரில் மூழ்கும்; மூழ்கிய நரம்பு லூரின் மூக்கைக் கீழே இழுக்கும். நம் கரையோரங்களில் தங்கூசி என்று சொல்லும் ஒற்றை இழை நைலான் ஏறக்குறைய மிதந்தே கிடக்கும், சற்று விறைப்பாகவும் இருக்கும். 14 முதல் 17 பவுண்டு வரை தாங்கும் தங்கூசி இதற்குப் பொருத்தம். தூரம் எறிய வேண்டுமென்றால் பின்னல் நரம்பு, அதாவது பிரெய்ட், இன்னும் நல்லது. அது மிதக்கும், நீளாது. ஆனால் அது துவண்ட நூல். தொய்வு விடும்போது முன் கொக்கியில் போய்ச் சுற்றிக்கொள்ளும், லூர் ஊமையாகிவிடும். அதனால் பிரெய்டின் நுனியில் இரண்டடித் தங்கூசியை இணைத்து, அதில் லூரைக் கட்டுங்கள்.

கட்டும் முடிச்சு இறுக்கமாக லூரின் வளையத்தைப் பிடித்துக்கொண்டால் தலை ஆடாது. கண்ணி முடிச்சு போட வேண்டும். தங்கூசியின் நுனியிலிருந்து ஒரு சாண் தள்ளி ஒரு சாதாரண முடிச்சைத் தளர்வாகப் போடுங்கள். நுனியை லூரின் வளையத்துக்குள் விட்டு எடுத்து, அந்தத் தளர்ந்த முடிச்சுக்குள் திரும்ப நுழையுங்கள். பிறகு நீண்ட நரம்பின்மேல் நான்கைந்து சுற்று சுற்றி, மறுபடி அதே முடிச்சுக்குள் நுழைத்து, எச்சில் தொட்டு இறுக்குங்கள். லூருக்கு முன்னால் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு கண்ணி நிற்கும். அதற்குள் லூர் தாராளமாகத் தலையாட்டும். முடிச்சு வராதவர்கள், சாவி கோக்கும் இரட்டைச் சுற்று வளையத்தின் குட்டி வடிவம் கடையில் கிடைக்கும், அதை மாட்டிக்கொள்ளலாம்.

எங்கே, எப்போது? தண்ணீர் 15, 16 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மேல்மட்ட லூருக்குப் பருவம் தொடங்குகிறது. விடியலும் அந்தியும் மேகமூட்டமும் நல்லவை. மெல்லிய சிற்றலை கெடுதல் இல்லை. பெரிய அலை அடித்தால் நடை தெரியாமல் போய்விடும். பாசித் திட்டின்மேல் எறியாதீர்கள், வெளியில் தொங்கும் கொக்கிகள் பாசியை வாரிக்கொண்டு வரும். பாசியின் ஓரத்தை ஒட்டி, அதற்கு இணையாக எறிந்து நடத்துங்கள். பாசி நடுவே மீன் இருந்தால் அதற்குக் கொக்கியை உடம்போடு மறைத்த ரப்பர் தவளை இருக்கிறது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் விராலுக்கு எறிகிறார்களே, அதே தவளைதான். அதையும் இதே சுண்டலில் நடத்தலாம் என்பதால், இந்தக் கைப்பழக்கம் ஏரிக்கு ஏரி, ஊருக்கு ஊர் உதவும்.

இனி அந்த அடி. அமைதியான நீரில் திடீரென்று ஒரு குழி விழும், சளாரென்று சத்தம், லூர் காணாமல் போகும். சில சமயம் மீன் வாயில் வாங்காமல் வாலால் அடித்து லூரைக் காற்றில் தூக்கி எறியும். சத்தம் கேட்டதும் ராடை வெட்டித் தூக்குவது எல்லோருக்கும் வரும் அனிச்சைச் செயல். அதைத்தான் அடக்க வேண்டும். தூக்கினால் லூர் மீனின் வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டு உங்கள் முகத்தை நோக்கிப் பறந்து வரும். கண்ணாடியும் தொப்பியும் போடாமல் இந்த லூரை எறியாதீர்கள் என்று சொல்வது இதற்காகத்தான். சத்தத்தை நம்பாமல் கனத்தை நம்புங்கள். நரம்பில் எடை ஏறியது கைக்குத் தெரிந்த பிறகு, ராடைப் பக்கவாட்டில் அழுத்தி இழுங்கள். அடித்துத் தவறவிட்ட மீன் பெரும்பாலும் அங்கேயே நிற்கும். லூரை எடுத்துவிடாமல் தாளம் மாறாமல் நடத்திக்கொண்டே போங்கள், திரும்ப அடிக்கும். இரண்டு மூன்று சுண்டுக்குப் பிறகும் வரவில்லையென்றால் ஒரு கணம் அசையாமல் நிறுத்துங்கள். நிறுத்திய நொடியில் வாங்கிய மீன்கள் எனக்கு நிறைய.

எறிந்ததும் ஐம்பது அடி தள்ளி லூர் என்ன செய்கிறது என்று தெரியாமல் பழகுவது வீண். படகுத்துறையில் நின்று இருபது அடி மட்டும் எறியுங்கள். கண்ணெதிரே அது தலை திருப்புவதும், வழுக்குவதும், நரம்பின் வளைவு எழுந்து விழுவதும் தெரிய வேண்டும். காலையில் அரைமணி நேரம் இப்படிச் செய்தால் இரண்டு மூன்று நாளில் கை தானாகப் போகும். லூர் கடைசிப் பத்தடிக்குள் வரும்போது நரம்பின் கோணம் செங்குத்தாகி நடை கெடும், அப்போது நுனியை இன்னும் தாழ்த்துங்கள்.

பழகும் நாட்களில் கொக்கிகளை முழுதாகக் கழற்றிவிடாதீர்கள். எடை குறைந்து லூர் மிதக்கும் சாய்வு மாறும், நடையும் மாறும். பழைய கொக்கிகளை மாட்டி, இடுக்கியால் கூர்முனைகளை மட்டும் நறுக்கிவிடுங்கள். மீன் பிடிக்கப் போகும்போது புதுக் கொக்கியை மாட்டி, அதன் எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கித் தட்டையாக்குங்கள். பிடித்த பாஸைத் திரும்ப விடுவதானால் அதன் வாய் கிழியாது. உங்கள் விரலில் ஏறினாலும் வந்த வழியே வெளியே வரும்.