அப்டேட் நின்ற பிறகு விண்டோஸ் 10

டெல்லி முனிர்காவில் அறை எடுத்துத் தங்கும் மாணவர்களில் பலர் ஜே.என்.யு.வுக்கும் ஐ.ஐ.டி.க்கும் போய்வருபவர்கள். தமிழ்ப் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. கையிலிருக்கும் லேப்டாப் கல்லூரிக் காலத்தில் வாங்கியதாகவோ, அண்ணனோ அக்காவோ வேலை கிடைத்ததும் கொடுத்துவிட்டதாகவோ இருக்கும். அதில் ஓடுவது விண்டோஸ் 10. 2015 ஜூலை 29 அன்று வெளியான இந்த இயங்குதளத்துக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. அதனால் எந்த லேப்டாப்பும் அணைந்துவிடவில்லை. மறுநாளும் வேர்டு திறந்தது, பிரிண்டர் வேலை செய்தது. "அண்ணா, நல்லாத்தானே ஓடுது? தீசிஸ் குடுத்துட்டு மாத்திக்கலாமே?" என்று ஒரு தம்பி கேட்டால் அதில் தப்பில்லை. ஆனால் அன்று நின்றுபோனது எது என்று தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும்.

அதைப் புரிந்துகொள்ள 2017-க்குப் போக வேண்டும். விண்டோஸ் கணினிகள் தங்களுக்குள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ள எஸ்எம்பி என்றொரு ஏற்பாடு உண்டு. அதன் பழைய பதிப்பில், ஓஎஸ்/2 காலத்துப் பட்டியல் ஒன்றைப் புதிய வடிவத்துக்கு மாற்றித் தரும் சின்ன நிரல்பகுதி ஒன்று இருந்தது. வந்த பட்டியலில் செல்லாத பகுதியைத் தள்ளிவிட்டு, மிச்சத்தின் நீளத்தைத் திருத்தி எழுதுவது அதன் வேலை. நீளம் என்பது நான்கு பைட் எண். நிரலோ கீழ் இரண்டு பைட்டை மட்டும் திருத்தியது. 65,536 என்று வந்த நீளம் 65,373 ஆகக் குறைய வேண்டிய இடத்தில், மேல் பைட்டுகள் அப்படியே நின்றுவிட்டதால் 1,30,909 ஆகப் பெருகியது. நினைவகத்தில் ஒதுக்கியது சிறிய இடம். கொட்டியது அதைவிடப் பெரிய தரவு. வழிந்தது பக்கத்து இடத்தில் விழும். அங்கே என்ன விழ வேண்டும் என்று கணக்குப் போட்டு அனுப்பத் தெரிந்தவனுக்குக் கடவுச்சொல்லே வேண்டாம், கணினி அவன் கைக்குப் போய்விடும்.

இந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச்சை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்று வெளியிட்டது. ஏப்ரல் 14 அன்று, இதே ஓட்டைக்காக அமெரிக்க உளவு அமைப்பு என்.எஸ்.ஏ. வைத்திருந்ததாகக் கருதப்படும் தாக்குதல் கருவியை ஒரு கும்பல் இணையத்தில் கொட்டியது. மே 12 அன்று வான்னாக்ரை கிளம்பியது. கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் நச்சுநிரல் அது. பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின; நம் பக்கம் ஆந்திரக் காவல்துறையின் கணினிகள் சிலவும் மாட்டின. பாதிக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள். அப்போது அதற்கு ஆதரவும் இருந்தது, பேட்ச்சும் வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. யாரும் போட்டுக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். ஆகவே புதிய இயங்குதளம் வைத்திருப்பதும் அப்டேட் போடுவதும் ஒன்றல்ல. விண்டோஸ் 11 வாங்கி, அப்டேட்டை நிறுத்திவைத்திருப்பவருக்கும் ஆபத்து அதேதான்.

விண்டோஸ் 10-க்கு வருவோம். மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை மைக்ரோசாஃப்ட் பேட்ச்சுகளை வெளியிடும். விண்டோஸ் 10-க்கு நின்றுபோனது இவைதான். வெளிவந்த உடனே, பழைய கோப்பையும் திருத்திய கோப்பையும் பக்கத்தில் வைத்து எங்கே மாறியிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். பாதுகாப்பு ஆய்வாளர்களும் இதைச் செய்கிறார்கள், திருடர்களும் செய்கிறார்கள். மாறிய இடம்தான் ஓட்டை இருந்த இடம். விண்டோஸ் 10, 11 இரண்டும் உள்ளே பெருமளவு ஒரே நிரல். எனவே 11-க்கு வரும் ஒவ்வொரு திருத்தமும், அடைபடாத 10-இல் எங்கே கைவைக்கலாம் என்று காட்டும் வரைபடம். ஆதரவு முடிந்த இயங்குதளம் முதல்நாள் இருந்த நிலையிலேயே இருந்தாலும், அதன் ஆபத்து மாதத்துக்கு மாதம் கூடுவது இதனால்தான். என் கணக்கில் மேம்படுத்துவதற்கான ஒரே வலுவான காரணம் இது. புதிய ஸ்டார்ட் மெனுவும் வட்டமுனை ஜன்னல்களும் யாரையும் அவசரப்படுத்த வேண்டியதில்லை.

மறுபக்கத்துப் பயத்திலும் உண்மை இருக்கிறது. 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 மேம்பாடு சிலருடைய ஆவணங்களை அழித்துவிட்டதால் மைக்ரோசாஃப்ட் அதைச் சில நாட்களிலேயே நிறுத்திவைத்தது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பழுதான அப்டேட் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளைச் சாய்த்தது. டெல்லி விமான நிலையத்தில் வெள்ளைப் பலகையில் விமான விவரங்களைக் கையால் எழுதிவைத்தார்கள். தமிழில் டிடிபி வேலை செய்பவர்களுக்குத் தனியாக ஒரு சிக்கல். விண்டோஸ் 11-க்கு 32-பிட் பதிப்பே கிடையாது. பழைய 16-பிட் நிரல்கள் 64-பிட் விண்டோசில் ஓடாது. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் வருடக்கணக்காகத் தட்டிவைத்த மலர்களையும் நூல்களையும் அப்படியொரு மென்பொருளில் வைத்திருப்பவர், மாறும் முன்பே அவற்றை யூனிகோடுக்கு மாற்றிக்கொள்வது அவசியம். புதிதாகத் தட்டுவதற்குக் கவலையில்லை, தமிழ்99 விசைப்பலகை இப்போது விண்டோசுக்குள்ளேயே இருக்கிறது.

இனி, லேப்டாப் விண்டோஸ் 11-ஐ ஏற்குமா? டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு ஏற்பாடு, செக்யூர் பூட், 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம் ஆகியவை வேண்டும். கூடவே பொதுவாக இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய ப்ராசசர் தேவை. டிபிஎம் என்பது பூட்டுச் சாவிகளைத் தனியே காத்துவைக்கும் சிப். பல லேப்டாப்களில் அது இருந்தும் பயாஸில் அணைந்து கிடக்கும். 2017-க்கு முன் வாங்கியவை ப்ராசசரிலேயே தடுக்கப்படும். நன்றாக உழைக்கும் இயந்திரத்தை இந்த ஒரு வரியால் ஒதுக்குவது அநியாயம் என்றே நினைக்கிறேன். ஆனால் அதற்காகச் சந்துக் கடையில் கொடுத்து, தடையைத் தாண்டி ஏற்றிக்கொள்வது தீர்வாகாது. தகுதியில்லாத கணினிக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. உரிமம் இல்லாத விண்டோசை 'ஆக்டிவேட்' செய்யப் போடும் நிரல் இன்னும் மோசம். நிர்வாகி அதிகாரத்தோடு ஓடும் அது உள்ளே வேறு என்ன செய்கிறது என்று கடைக்காரருக்கே தெரியாது.

தீசிஸ் முடியும்வரை அவகாசம் வேண்டுவோருக்கு நேரான வழி உண்டு. விண்டோஸ் 10-இன் 22எச்2 பதிப்பு வைத்திருப்பவர்கள் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புப் பேட்ச்சுகளை மட்டும் பெறும் திட்டத்தை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. 30 டாலர் கட்டலாம்; மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்சை பேக்கப் செய்துகொண்டால் பணமில்லாமலும் கிடைக்கும்.

அதற்குமேல் லினக்ஸ். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இது அந்நியமல்ல. அரசு 2011-இல் கொடுக்கத் தொடங்கிய இலவச லேப்டாப்பில் விண்டோசோடு பாஸ் லினக்சும் வந்தது. அதை உருவாக்கியது சென்னை சி-டாக். உபுண்டு, மின்ட் ஆகியவற்றைப் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்து, வைஃபையும் பிரிண்டரும் வேலை செய்கின்றனவா என்று தெரிந்துகொண்டபின் நிறுவலாம். எதைப் போட்டாலும் முதலில் பழைய ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள். சுழலும் தட்டில் ஒரு தரவைத் தேடிப் பிடிக்க பத்து மில்லிசெகண்டுக்குமேல் ஆகும்; எஸ்எஸ்டிக்கு அதில் நூறில் ஒரு பங்கு போதும். அதை வாங்க முனிர்காவிலிருந்து மெட்ரோவின் மெஜந்தா லைனில் கால்காஜி மந்திர் போனால், அங்கிருந்து ஒரே ஸ்டேஷன் நேரு பிளேஸ் கணினிச் சந்தை. பில் கேட்டு வாங்குங்கள்.

மேம்படுத்துவது என்று தீர்மானித்தால், தீசிஸின் பிரதி ஒன்று வெளி டிஸ்கிலும் இன்னொன்று இணையச் சேமிப்பிலும் போன பிறகே பொத்தானை அழுத்துங்கள். சமர்ப்பிக்கும் வாரத்தில் அழுத்தவே வேண்டாம். டிஸ்க் பூட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, அதை மீட்கும் 48 இலக்கச் சாவியைத் தாளில் எழுதிவையுங்கள். புதிதாக நிறுவும் விண்டோஸ் 11 பல கணினிகளில் தானாகவே டிஸ்கைப் பூட்டிவிடுகிறது. மேம்படுத்தியது பிடிக்கவில்லை என்றால் பத்து நாட்களுக்குள் செட்டிங்சிலிருந்து விண்டோஸ் 10-க்குத் திரும்பலாம். அந்தப் பத்து நாளும் இடம் போதவில்லை என்று பழைய விண்டோஸ் கோப்புகளை மட்டும் அழித்துவிடாதீர்கள்.