குழலுக்குள் ஒரு திருகு

பென்சில்வேனியாவில் படிக்கும் நண்பன், மான் வேட்டைக்கு முதன்முதலாக வாய்வழி மருந்து கெட்டிக்கும் ரைபிள் வாங்கப்போகிறானாம். எது நல்லதென்று என்னைக் கேட்டான். நானோ துப்பாக்கியைத் தொட்டறியாத பௌதிக மாணவன்! ஆயினும் எழுதினேன்:

"அங்கே சக்கிமுக்கித் துப்பாக்கிக்கென்றே தனிப் பருவம் உண்டல்லவா? அதையே வாங்கு, துளை அரை அங்குலம் போதும். ஆனால் கட்டையின் வேலைப்பாட்டில் மயங்காதே. குழலினுள் வெட்டிய புரி எத்தனை அங்குலத்தில் ஒரு சுற்றுச் சுற்றுகிறதென்று பார். உருண்டைக் குண்டுக்கு ஏறத்தாழ 66 அங்குலத்திற்கு ஒரு சுற்றுப் போதும். நீண்ட குண்டோ விரைந்து சுழன்றாலன்றிப் புரண்டுவிடும். அதற்கு 28 அங்குலம். மாற்றி இட்டால் குறி பிசகும். மான் காயத்தோடு ஓடி எங்கோ கிடந்து சாகும்.

புகையற்ற மருந்தை மறந்தும் இடாதே, குழல் வெடிக்கும். கருமருந்தின்மேல் குண்டு இடைவெளியின்றி அமரவேண்டும். அமர்ந்ததை அறிய, கெட்டிக்கும் கோலில் ஒரு கீறல் போட்டு வைத்துக்கொள்."