உறங்கும் காரை எழுப்புவது எப்படி?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (வேதியியல்)

மோட்டார் கார் பழையதானால் விலை குறையும். மிகப் பழையதானால் விலை ஏறும்! இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில்தான் பெரும்பாலான கார்கள் காயலான் கடைக்குப் போய்விடுகின்றன. தப்பிப் பிழைத்த ஒன்றை வாங்கி, ஊர் கொண்டுவந்து, மீண்டும் ஓடச் செய்வது எவ்வாறு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

'விண்டேஜ்' என்ற சொல்லை ஆர்வலர்கள் 1919 முதல் 1930 வரை செய்யப்பட்ட கார்களுக்கே வழங்குவர். நம் நாட்டுச் சட்டத்தின் அளவுகோல் வேறு. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஜூலையில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, முதற்பதிவாகி 50 ஆண்டுகள் கடந்த, மூல வடிவம் மாறாத இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகள் யாவும் விண்டேஜ் வண்டிகளே. இந்த வரிசையில் நம் மண்ணுக்கே உரிய ஒரு காரை எடுத்துக்கொள்வோம்.

சென்னையில் பிறந்த ஹெரால்டு

ட்ரையம்ப் ஹெரால்டு 1959-இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. அதன் உருவத்தை வரைந்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலாட்டி. சென்னையை அடுத்த வண்டலூர்ப் பகுதியில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் அதை 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்ற பெயரில் தயாரித்தது. 948 கன சென்டிமீட்டர் எஞ்சின். ஏறத்தாழ 800 கிலோ எடை. முன்மூடியைத் தூக்கினால் மட்கார்டுகளும் சேர்ந்து முன்பக்கமாகச் சாயும். சக்கரத்தின் மேல் அமர்ந்தபடியே எஞ்சினில் வேலை பார்க்கலாம். அக்காலத்துக் கார்கள் பலவற்றுக்குத் தனிச் சட்டம் இல்லை. ஹெரால்டுக்கோ தனிச் சேசிஸ் உண்டு. உடற்பகுதிகள் அதன்மேல் போல்ட்டு கொண்டு முடுக்கப்பட்டவை. எனவே பிரிப்பதும் பூட்டுவதும் எளிது.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

முதலில் தாள், பிறகுதான் தகடு. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் பொறித்த எண்களோடு ஒத்துள்ளனவா என்று விளக்கடித்துப் பார்க்க வேண்டும். ஒத்திராவிட்டால் விலை எவ்வளவு மலிவாயினும் விலகிவிடுவதே நலம். உரிமை மாற்றத்திற்கு 29, 30 எண் படிவங்கள் தேவை. உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசு முதலில் 31-ஆம் எண் படிவத்தின் வழியே தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். வேறு மாநில வண்டியானால் தடையில்லாச் சான்றும் வேண்டும்.

அடுத்து உடல். ஒரு சிறு காந்தத்தைத் துணியில் சுற்றித் தகட்டின்மேல் நகர்த்துங்கள். பிடி தளரும் இடத்தில் தகடு இல்லை, பட்டிதான் இருக்கிறது! கதவின் அடிப்பகுதி, டிக்கியின் தரை, சேசிசிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள் ஆகியவை ஹெரால்டில் முதலில் அரிக்கும் இடங்கள்.

என் தந்தையார் பணிபுரியும் பட்டறைக்குச் சென்ற ஆண்டு ஒரு ஹெரால்டு வந்தது. பளபளவென்று சிவப்பு வண்ணம். அவர் காந்தம் எடுக்கவில்லை. விரல் மடக்கி ஒருமுறை தட்டிவிட்டு, "இது தகரம் பேசலை, மாவு பேசுது" என்றார். சுரண்டிப் பார்த்தபோது உள்ளே விரற்கடை கனத்துக்குப் பட்டி. அதன் பின்னே ஓட்டை. விற்றவர் வண்ணத்துக்குத்தான் விலை வாங்கியிருந்தார்.

ஏற்றி வருதல்

நெடுநாள் நின்ற காரைக் கயிறு கட்டி இழுத்து வரலாகாது. பிரேக் இறுகியிருக்கும், பேரிங்கில் கிரீஸ் காய்ந்திருக்கும், டயர் வெடித்திருக்கும். தட்டையான தளமுள்ள லாரியில் ஏற்றுவதே முறை. பாட்டரி இணைப்பைக் கழற்றி, டாங்கில் உள்ள பழைய பெட்ரோலை வடித்துவிட வேண்டும். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை வைக்க வேண்டும். பெல்ட்டைப் பம்பரில் கட்டாமல் சேசிசில் கட்டுதல் வேண்டும். கழன்ற உறுப்புகளைத் தனிப் பெட்டியில் இட்டு வண்டியோடே கொண்டுவர வேண்டும். பத்து ரூபாய்ப் பொருளாகத் தோன்றும் ஒரு கொக்கியைத் தேடிப் புதுப்பேட்டையில் பத்து நாள் அலைய நேரிடும்.

துருவும் வேதியியலும்

இரும்பு, நீர், ஆக்சிஜன் மூன்றும் கூடினால் துரு பிறக்கும். உப்பு சேர்ந்தால் மின்கடத்தல் மிகுந்து அரிப்பு விரைவாகும். கடற்கரை ஊர்க் கார்கள் விரைவில் அழிவது இதனாலேயே. துருவை நீக்கச் சலவைச் சோடா கலந்த நீரில் உறுப்பை மூழ்கவைத்து, பாட்டரி சார்ஜரின் எதிர்முனையை அதனோடும், நேர்முனையை வேறொரு பழைய இரும்புத் துண்டோடும் இணைக்கலாம். நாம் ஆய்வகத்தில் செய்யும் மின்னாற்பகுப்புதான் இது. ஹைடிரஜன் வெளிவருமாதலால் திறந்தவெளியில் செய்க. நேர்முனையில் எவர்சில்வரைப் பயன்படுத்தினால் நச்சுத்தன்மையுள்ள குரோமியச் சேர்மம் உண்டாகும். பெரிய பரப்புகளுக்குப் பாஸ்பாரிக் அமிலம் ஏற்றது. அது துருவைக் கருமையான இரும்புப் பாஸ்பேட்டாக மாற்றிவிடும்.

அரித்த தகட்டை வெட்டிப் புதுத்தகடு வைக்குமுன் கதவு வாயில்களில் குறுக்குக் கம்பி பற்றவைத்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் உடல் கோணிக் கதவுகள் சாத்தாமல் போகும்.

எஞ்சினுக்கு முன் பிரேக்

எஞ்சினை ஓட்டிப் பார்க்கும் ஆசை எல்லார்க்கும் உண்டு. ஆனால் ஓடுவதற்குமுன் நிற்கத் தெரிய வேண்டும்! பழைய ஹெரால்டில் நான்கு சக்கரப் பிரேக்குகளும் ஒரே எண்ணெய் வழியில் இணைந்தவை. ஓரிடத்தில் ஒழுகினாலும் நான்கும் கைவிடும். எனவே சிலிண்டர் ரப்பர்களையும் குழாய்களையும் முழுதும் மாற்றிவிட வேண்டும்.

முன்சக்கரம் திரும்பும் இடத்தில், 'டிரனியன்' என்னும் பித்தளை உறுப்பில் எஃகு மரை திருகப்பட்டிருக்கும். அதற்குக் கிரீஸ் இடுவது பலர் வழக்கம். ஆனால் அதற்கு வேண்டியது கியர் ஆயில். கிரீஸ் இறுகினால் எண்ணெய்ப் பசை உள்ளே போகாது. நீர் தங்கி மரையை அரிக்கும். ஒருநாள் திருப்பத்தில் எஃகு முறிந்து சக்கரம் மடங்கிவிடும். ஒரு கரண்டி எண்ணெயில் ஓர் உயிர் இருக்கிறது.

இறுகிய எஞ்சினில் ஸ்டார்ட்டரை அழுத்தக்கூடாது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது எண்ணெய் விட்டுச் சில நாள் பொறுத்து, முன்புறப் புல்லியில் ஸ்பானர் இட்டு மெல்லத் திருப்ப வேண்டும். தடையின்றிச் சுற்றிய பின் புது எண்ணெய், பிறகு பெட்ரோல், பிறகு பொறி என்பதே வரிசை. பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பாட்டரியின் நேர்முனை உடலோடு இணைந்திருக்கும், பார்த்தே பூட்டுக.

பெட்ரோலும் மாறிவிட்டது. ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ஆம் ஆண்டில் நாடெங்கும் நின்றது. அந்த ஈயம் வால்வு இருக்கைகளைத் தேயாமல் காத்துவந்தது; இன்று கடின உலோக இருக்கைகளைப் பொருத்துவது நன்று. 2025-க்குள் பெட்ரோலில் எத்தனால் 20 விழுக்காட்டை எட்டியது. எத்தனால் பழைய ரப்பர்க் குழாய்களையும் பம்பின் சவ்வையும் கெடுக்கும், நீரையும் ஈர்க்கும். எத்தனாலைத் தாங்கும் குழாய்களை மாற்றுவதோடு, வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தினால் டாங்கை வடித்துவிடுதலும் வேண்டும்.

பதிவும் பயனும்

விண்டேஜ் வண்டியாகப் புதுப் பதிவு செய்ய ரூ. 20,000 கட்டணம், பதிவு 10 ஆண்டுகள் செல்லும், மறுபதிவுக்கு ரூ. 5,000. எண் பலகையில் மாநில எழுத்துகளை அடுத்து 'வி.ஏ.' என்று வரும். கண்காட்சி, அணிவகுப்பு, ஆராய்ச்சி, பழுதுபார்ப்பு, பெட்ரோல் நிரப்புதல் ஆகியவற்றுக்கே சாலையில் ஓட்டலாம். அன்றாடப் பயணத்திற்கும் வாடகைக்கும் இடமில்லை. சேசிஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றைப் பெரிதும் மாற்றியிருத்தல் கூடாது. டீசல் எஞ்சின் வைத்துக் காசை மிச்சப்படுத்தியவர்க்கு இச்சலுகை கிட்டாது.

இவ்வளவு செலவும் உழைப்பும் தேவைதானா என்று வினவலாம். வருவாய் கருதினால் தேவையில்லை. செலவு பெரும்பாலும் விற்பனை விலையை மிஞ்சிவிடும். ஆனால் காரோடு சேர்ந்து வேறொன்றும் பிழைக்கிறது. தட்டிய ஒலியில் தகட்டின் கனத்தை அறிவதும், தீயின் நிறத்தில் வெப்பத்தை அளப்பதும் அறிவியலே. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறியவன் நானே முதல்வன். ஆயினும் துருவின் குணத்தை நான் முதலில் கற்றது வகுப்பில் அன்று, பட்டறையில்தான். அங்கே இவ்வித்தை அறிந்தவர்களுக்கு வயது அறுபதைத் தாண்டுகிறது. அவர்கள் எதையும் எழுதி வைக்கவில்லை. எழுதப் படிக்கும் வாய்ப்பும் அவர்களுக்குக் கிட்டவில்லை.

ஆகவே நண்பர்களே, உங்கள் வீட்டிலும் தச்சரோ, கொல்லரோ, நெசவாளரோ, மெக்கானிக்கோ இருக்கலாம். அவர்கள் கைகள் அறிந்ததைக் கேட்டு, நாம் கற்ற அறிவியலோடு ஒப்பிட்டு, தமிழில் எழுதி வைப்போம். அதற்கு மூலதனம் ஒரு நோட்டுப் புத்தகமே.