பெருநாள் காசு யாருக்குச் சொந்தம்?

பெருநாள் தொழுகை முடிந்ததும் பிள்ளைகளின் வேலை தொடங்கிவிடும். நன்னி வீடு, பெரியத்தா வீடு, மாமு வீடு, அப்புறம் தெருவில் தெரிந்த வீடுகள். ஒவ்வொரு வாசலிலும் ஒரு ஸலாம், வாயில் ஒரு துண்டு வட்டிலாப்பம், கையில் ஒரு புது நோட்டு. லுஹர் பாங்கு சொல்வதற்குள் சட்டைப் பை கனத்துவிடும். வீடு திரும்பினால் அம்மாவின் குரல்: "இங்கே கொடு, தொலைச்சிடுவே. நான் பத்திரமா வச்சிருக்கேன்."

பத்திரமாக வைத்த அந்தக் காசை மறுபடி கண்ணால் பார்த்த பிள்ளைகள் குறைவு. சிரித்துக்கொண்டே சொல்லும் கதைதான் இது. ஆனால் அந்தக் காசு யாருடையது என்பதற்கு மார்க்கத்தில் தெளிவான பதில் இருக்கிறது. நம்மில் பலர் அதைக் கேட்டுப் பார்ப்பதில்லை.

பிள்ளைகளுக்குக் கொடுக்கும் வழக்கம் முஸ்லிம்கள் வாழும் ஊரெல்லாம் உண்டு. எகிப்தில் அதன் பெயர் ஈதிய்யா. வட இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் ஈதி. துருக்கியில் பிள்ளைகள் பெரியவர்களின் கையை முத்தமிட்டு நெற்றியில் ஒற்றிக்கொள்வார்கள். மிட்டாயும் காசும் கிடைக்கும். நோன்புப் பெருநாளை அங்கே சர்க்கரைப் பெருநாள் என்றே சொல்வதுண்டு. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பச்சை உறையில் வைத்து 'டூயிட் ராயா' கொடுக்கிறார்கள். சீனர்கள் புத்தாண்டுக்குக் கொடுக்கும் சிவப்பு உறையைப் பார்த்து வந்த பழக்கம் இது. கத்தாரில் பெருநாள் வரை காத்திருப்பதில்லை. ரமளான் பாதியில், 14ஆம் இரவில், பிள்ளைகள் துணிப்பையோடு வீடு வீடாகப் பாடிக்கொண்டே போய்ப் பருப்பு, மிட்டாய் வாங்கி வருவார்கள். அதற்குக் கரங்காவ் என்று பெயர். இதே போன்றது குவைத்தில் கர்கீஆன். குறிப்பிட்ட இரவுக்கென்று இப்படி ஒன்றை வைப்பதை ஆட்சேபித்த உலமாக்களும் வளைகுடாவில் உண்டு.

நம் ஊர்ப் பெருநாள் காசு வணக்கமல்ல, வழக்கம்தான். கொடுக்காவிட்டால் குற்றமில்லை. ஆனால் கொடுத்துவிட்டால் அது அன்பளிப்பு ஆகிவிடுகிறது; அன்பளிப்புக்குச் சட்டம் இருக்கிறது. பருவமடையாத பிள்ளையும் சொத்துக்கு உரிமையாளர் ஆகலாம் என்பதில் நான்கு மத்ஹபுகளுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அத்தா அதற்குப் பாதுகாவலர், அவ்வளவுதான். பிள்ளையின் நன்மைக்காக அதைப் பராமரிக்கலாம். வீட்டில் உண்மையான வறுமை இருந்தால் தேவைக்கு எடுத்துக்கொள்ளவும் வழி சொல்லியிருக்கிறார்கள். இதன் விவரத்தை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். திரைச்சீலை மாற்றுவது வறுமையில் சேராது என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

ஜகாத்தில் மத்ஹபுகள் பிரிகின்றன. பிள்ளையின் பெயரிலுள்ள பணம் நிஸாபை எட்டி ஓர் ஆண்டு கடந்தால் அதற்கு ஜகாத் உண்டு, பாதுகாவலர் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்பது ஷாஃபிஈ நிலை. ஹனஃபியில் பருவமடையும் வரை இல்லை. ராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனஃபி, மரைக்காயர்கள் பெரும்பாலும் ஷாஃபிஈ. ஆகவே இரண்டு வழிகளிலும் உறவுள்ள வீட்டில் இந்தக் கேள்வி கட்டாயம் எழும். பெருநாள் காசு மட்டும் 595 கிராம் வெள்ளியின் மதிப்பை எட்டுவது அபூர்வம்தான். ஆனால் பிள்ளை பெயரில் வேறு சேமிப்பும் இருந்தால் கூட்டிப் பார்க்க வேண்டும். அநாதைகளின் பொருளை ஜகாத்தே தின்று தீர்த்துவிடாதபடி வியாபாரத்தில் போடுங்கள் என்று உமர் (ரலி) அவர்கள் சொன்னதாக முவத்தாவில் வருகிறது. சும்மா பூட்டி வைப்பதும் பாதுகாப்பல்ல என்பது அவர்கள் பார்வை.

காரைக்குடியில் வாழ்கிறவர்களுக்குக் கணக்குப் பாடம் புதிதல்ல. இந்த மண்ணிலிருந்துதான் நகரத்தார் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கடை வைக்கப் போனார்கள். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்த சிறுவன் பேரேடு எழுதப் பழகித்தான் மேலே வந்தான். அந்தக் கடைகளில் பெண்களின் பணத்துக்கு 'ஆச்சிமார் பணம்' என்று தனிக் கணக்கு உண்டு. அவர்கள் நடத்திய வட்டித் தொழில் நமக்கு ஆகாது. ஆனால் ஒரே வீட்டுக்குள் இவள் பணம் வேறு, குடும்பப் பணம் வேறு என்று எழுதி வைத்த ஒழுங்கை எடுத்துக்கொள்ளலாம்.

அந்த நோட்டு மொய் நோட்டாக மாறிவிடக் கூடாது என்பதும் முக்கியம். "அவங்க நம்ம பிள்ளைக்கு அம்பதுதான் கொடுத்தாங்க, நாம எதுக்கு நூறு கொடுக்கணும்" என்ற பேச்சு பெருநாள் காலையிலேயே கேட்கிறது. இதனால் கையில் காசில்லாத சச்சா பெருநாளன்று கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுகிறார். பத்து ரூபாய் கொடுத்தாலும் பிள்ளை முகம் சுளிக்காமல் வாங்கப் பழக வேண்டும். சொந்தப் பிள்ளைகளுக்கு நாமே கொடுக்கும்போது இன்னொரு கவனமும் வேண்டும். ஒரு மகனுக்கு மட்டும் அன்பளிப்புக் கொடுத்துவிட்டு, அதற்குச் சாட்சியாக இருக்கும்படி நுஃமான் பின் பஷீர் (ரலி) அவர்களின் தந்தை கேட்டபோது, எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படிக் கொடுத்தீரா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். சாட்சியாக இருக்க மறுத்தார்கள். மகனுக்கு நூறு, மகளுக்கு ஐம்பது என்று கொடுக்கும் வீடுகள் இன்றும் இருக்கின்றன.

மலேசியாவில் ஹஜ்ஜுக்குச் சேமிப்பதற்கென்றே 1963 முதல் தாபுங் ஹாஜி இயங்குகிறது. அதில் பிள்ளைகளின் பெயரிலும் கணக்குத் தொடங்கலாம். நம்மிடம் அப்படி ஒரு நிறுவனம் இல்லை; உண்டியலும் நாற்பது பக்க நோட்டும் போதும். யார் கொடுத்தது, எவ்வளவு, எதற்கு எடுத்தோம் என்று பிள்ளையின் கையாலேயே எழுத வைக்கலாம். அதில் ஒரு பங்கை யாருக்காவது கொடுக்க விரும்பினால் அதையும் அவனே சொல்லட்டும்.

இப்போது புதுச் சிக்கல் ஒன்று வந்திருக்கிறது. ரியாத்திலிருக்கும் மாமு பிள்ளைக்கென்று 500 ரூபாய் அனுப்புகிறார். அது அத்தாவின் ஜிபேயில் வந்து விழுகிறது. பிள்ளை அதைக் கண்ணால் பார்ப்பதே இல்லை. மாலைக்குள் அது கேஸ் சிலிண்டராகி விடுகிறது. பணம் வந்த அன்றே அதை ரொக்கமாக எடுத்து உரியவனின் கையில் கொடுத்து, மாமுவுக்கு போன் போட்டு அவனையே பேசச் சொல்லுங்கள்.