34 டிகிரியில் கலையும் காந்தம்

காந்தத்தைச் சூடாக்கினால் வலுவிழக்கும் என்பது பள்ளிப் பாடம். அந்த வலு எந்தப் போக்கில் இறங்குகிறது, பொருளின் எந்தப் பகுதியில் அணுக்காந்தங்கள் எப்படி நிற்கின்றன என்பதையெல்லாம் தொடாமலே பார்க்க ஒளி உதவுகிறது.

இதற்கு வழி திறந்தவர் மைக்கேல் ஃபாரடே. காந்தப்புலத்தில் வைத்த ஈயக் கண்ணாடி வழியே போகும் ஒளியின் அதிர்வுத் திசை சற்றுத் திரும்புவதை 1845-இல் கண்டார். பளபளப்பாகத் தேய்த்த காந்த முனையில் பட்டுத் திரும்பும் ஒளியிலும் இந்தத் திருப்பம் உண்டு என்று 1877-இல் எழுதினார் ஜான் கெர். உலோகம்போல மின்சாரம் கடத்தும் ஆக்சைடுகளை ஆராய்கிறவர்கள் பெரும்பாலும் நம்புவது கெர்ரின் வழியைத்தான். ஒளி அவற்றுக்குள் ஆழமாகப் போகாது. மேற்பரப்பில் பட்டுத் திரும்புவதை வைத்தே அளக்க வேண்டும்.

ஸ்ட்ரான்சியம் ருத்தேனேட் அப்படி ஓர் ஆக்சைடு. அறை வெப்பத்தில் அது காந்தமல்ல. சிறிய காந்தப்புலத்தில் வைத்துக் குளிர்வித்துக்கொண்டே போனால், சுமார் 160 கெல்வினில், அதாவது பூஜ்யத்துக்குக் கீழே 113 டிகிரி செல்சியஸில், ஒளியின் அதிர்வுத் திசை திரும்பத் தொடங்குகிறது. காந்தத்தன்மை தோன்றும் அந்த எல்லையே அதன் கியூரி வெப்பநிலை. ருத்தேனியம் கனமான அணு; அதில் எலக்ட்ரானின் தற்சுழற்சியும் சுற்றுப்பாதை இயக்கமும் இறுகப் பிணைந்தவை. அதனால் வலமாகச் சுழலும் ஒளியும் இடமாகச் சுழலும் ஒளியும் ஒரே பரப்பில் வெவ்வேறு விதமாகப் பிரதிபலிக்கின்றன. அந்த வேறுபாடே திருப்பமாகத் தெரிகிறது.

திருப்பத்தின் அளவை வெப்பநிலைக்கு எதிரே வரைந்தால் நேர்கோடு வராது. கடுங்குளிரிலிருந்து சூடேற்றும்போது காந்தம் முதலில் மெல்லத்தான் குறையும். கியூரி வெப்பநிலை நெருங்க நெருங்கச் செங்குத்தாகச் சரியும். அணுக்காந்தங்கள் ஒன்றையொன்று பிடித்து நிறுத்துவதால், சில தளர்ந்தால் மற்றவற்றின் பிடியும் தளர்கிறது. ஒரு தொல்லையும் உண்டு. லேசரே பொருளைச் சூடாக்கும். அதன் சக்தியை மிகக் குறைவாக வைக்காவிட்டால், வெப்பமானி காட்டுவது ஒன்று, ஒளி பட்ட புள்ளியின் வெப்பம் வேறொன்று.

இதுவரை சொன்னது எளிய கதை. எனக்குச் சுவையாகப் படுவது குரோமியம் ஆக்சைடு, பச்சை வண்ணப்பொடியாக விற்கும் அதே சரக்கு. இதில் அணுக்காந்தங்கள் மேலும் கீழுமாக மாறிமாறி நிற்பதால் மொத்தக் காந்தம் பூஜ்யம். திசைகாட்டி முள் அசையாது. புறப்புலம் இல்லாமல் ஃபாரடேயின் திருப்பமும் கிடைக்காது. ஆனாலும் 307 கெல்வினுக்குக் கீழே, கிட்டத்தட்ட 34 டிகிரி செல்சியஸுக்குக் கீழே, உள்ளே ஓர் ஒழுங்கு இருக்கிறது. கோடைப் பகல் ஒன்று போதும் அதைக் கலைக்க.

அந்த ஒழுங்கை 1990-களில் லேசர் படம்பிடித்தது. வலிமையான அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சினால், படிகம் இரட்டிப்பு அதிர்வெண்ணில் கொஞ்சம் கண்ணுக்குத் தெரியும் ஒளியை உமிழும். 307 கெல்வினுக்கு மேல் அது மங்கலானது, படிகம் முழுக்க ஒரே சீரானது. கீழே இறங்கியதும், காந்த ஒழுங்கிலிருந்து இன்னொரு பங்கு வந்து சேர்கிறது. இந்தப் புதிய பங்கின் குறி, வரிசை மேல்-கீழாகத் தொடங்குகிறதா கீழ்-மேலாகவா என்பதைப் பொறுத்தது. வட்டமாகச் சுழலும் ஒளியைப் பாய்ச்சினால், ஒருவகைப் பகுதியில் இரண்டு பங்குகளும் கூடும், மற்றதில் கழியும். அதனால் ஒரே படிகத்தில் வெளிச்சத் திட்டுகளும் இருள் திட்டுகளும் தென்படும். இயற்பியலாளர்கள் டொமைன் என்பது இந்தத் திட்டுகளையே.

சூடாக்கினால் திட்டுகள் மறையும். வெறுமனே குளிர்வித்தால் மீண்டும் இருவகையும் தோன்றும். மின்புலம், காந்தப்புலம் இரண்டையும் ஒருசேர வைத்துக் குளிர்வித்தால் மட்டும் ஒருவகையே தேர்வாகி, படம் முழுக்க ஒரே வெளிச்சமாகிறது. ஒரு புலத்தின் திசையை மட்டும் திருப்பி வைத்துக் குளிர்வித்தால் முழுக்க இருள்.